குளிர்காலக் கோல்ஃப் பந்து: மலைக்குக் கணக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் இருப்பதிலேயே மென்மையான பந்தாகப் பார்த்து வாங்க வேண்டும் என்ற யோசனை தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்திருந்தது. கடைக்காரர்களும் இதையேதான் சொல்லி விற்கிறார்கள். இங்கிலாந்தின் கடலோர மைதானத்தில் ஜனவரியில் ஆடுகிறவருக்கு அதில் ஓரளவு நியாயம் உண்டு. உதகமண்டலம், வெலிங்டன், கொடைக்கானல் மைதானங்களில் ஆடுகிறவர் அதை நம்பிப் பந்து வாங்கினால், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் ஓடும். காரணத்தை விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் காற்று. வெப்பமானி 5 டிகிரி செல்சியஸ் காட்டும் காலையில் லண்டனில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.27 கிலோ. 30 டிகிரி அடிக்கும் சென்னையில் 1.16 கிலோ. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகையில் அதே 5 டிகிரியில் 0.97 கிலோதான். ஆக, அந்தக் குளிரிலும் உதகைக் காற்று சென்னைக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு லேசு. குளிர்ந்த, கனத்த காற்று பந்தைத் தடுக்கும் என்பது தாழ்வான ஊர்களின் பிரச்சினை. மலையில் பந்தைத் தடுக்கும் விசை குறைவு. கூடவே பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் குறைவு. பந்து தாழ்வாகப் பறந்து, சாய்வாக வந்து இறங்கும். அப்படி இறங்கும் பந்துக்குச் சுழற்சியும் இல்லையென்றால் விழுந்த இடத்தில் அதை நிறுத்த எதுவும் இல்லை. மலிவான மென்பந்துகளில் பெரும்பாலானவை சுழற்சி குறைந்தவை என்பதை அந்த யோசனை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர். இன்றைய பந்துகளின் மையம் பாலிபியூட்டாடையீன் ரப்பர். குளிர்ந்தால் அது விறைக்கிறது, அடிபட்டு நசுங்கி மீளும் துள்ளலை இழக்கிறது. பந்தின் வேகத்துக்கு விதிகள் வகுத்திருக்கும் உச்சவரம்பையே 23 டிகிரி வெப்பநிலையில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெருமைகளும் அந்த மாதிரியான வெப்பநிலைக்குத்தான் பொருந்தும். காற்று, பந்து இரண்டும் 10 டிகிரி குளிர்ந்தால் மிகத் தொலைவுக்கு அடிக்கும் டிரைவர் மட்டையின் அடியில் மூன்று, நான்கு கெஜம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஸ்வெட்டரும் விறைத்த தோளும் குறைக்கும் தூரம் தனி.

இந்த இழப்பை மென்பந்து ஈடுகட்டும் என்பதுதான் தவறான நம்பிக்கை. கம்ப்ரஷன் எண் என்பது அழுத்தினால் பந்து எவ்வளவு நசுங்கும் என்பதைக் காட்டும் அளவு, அவ்வளவுதான். கால்வே சூப்பர்சாஃப்ட் என்ற பந்து 40-க்குக் கீழே, டைட்டிலிஸ்ட் புரோ வி1 90-ஐ ஒட்டி, புரோ வி1எக்ஸ் 100-ஐ ஒட்டி என்று சொல்லலாம். அளக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் இவை உத்தேச எண்களே. குளிரில் 40 பந்தும் விறைக்கும், 90 பந்தும் விறைக்கும், இரண்டும் துள்ளலை இழக்கும். வேகமாக மட்டை வீசுகிறவருக்குக் கோடையில் தூரம் குறைத்துக் கொடுக்கும் மென்பந்து, குளிரிலும் குறைத்தே கொடுக்கும். மெதுவாக வீசுகிறவருக்கு இந்த வேறுபாடு சொற்பம். மென்பந்தில் கிடைக்கும் உண்மையான நன்மை ஒன்றுதான்: விறைத்த விரல்களில் அடி சுள்ளென்று ஏறாது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது சிறிய விஷயமல்ல. அவர்கள் தாராளமாக மென்பந்தே வாங்கட்டும், கிரீனுக்குச் சற்று முன்னால் விழவைத்து உருளவிடட்டும்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது மேலுறை. விலை குறைந்த பந்துகளுக்கு அயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை, விலை கூடியவற்றுக்கு யூரித்தேன் என்ற மென்மையான, பிடிப்புள்ள உறை. நீலகிரியில் நவம்பர் முதல் நீர்ப்பனி, பிறகு உறைபனி. காலை ஒன்பது, பத்து மணி வரை புல் நனைந்தே இருக்கும். குறுந்தூர அடிக்கான வெட்ஜ் மட்டையின் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே அந்த ஈரம் புகுந்தால் மட்டையின் பள்ளக்கோடுகள் பந்தைப் பிடிக்காமல் வழுக்கும். ஈரத்தில் எந்தப் பந்தும் சுழற்சியை இழக்கும், அயனோமர் பந்து மிக அதிகமாக இழக்கும். யூரித்தேன் ஓரளவாவது பிடித்துக்கொள்ளும். லேசான காற்று, ஈரப்புல் இரண்டும் சேர்ந்த இடத்தில் இந்த ஓரளவுதான் பந்து கிரீனில் நிற்குமா, பின்னால் இருக்கும் புதருக்குள் போகுமா என்பதை முடிவு செய்கிறது. அதற்காக விலை உச்சத்தில் உள்ள பந்துதான் வேண்டும் என்பதில்லை. யூரித்தேன் உறையும் நடுத்தரக் கம்ப்ரஷனும் சேர்ந்த ஸ்ரிக்ஸன் கியூ-ஸ்டார் டூர், பிரிட்ஜ்ஸ்டோன் டூர் பி ஆர்எக்ஸ்எஸ் போன்றவை பெரும்பாலான கிளப் ஆட்டக்காரர்களுக்குப் போதும். கோர்ஸ் என்னும் முட்புதரில் நிறையப் பந்துகளைத் தொலைக்கிறவர்கள் ஒரே ரகத்தில் பழைய பந்துகளை வாங்கலாம். வாங்கும்போது நகத்தால் தடவிப் பாருங்கள். உறையில் வெட்டோ சிராய்ப்போ தட்டினால் அந்தப் பந்து வேண்டாம். மேலே புதுச் சாயம் பூசியது, குட்டையில் வெகுநாள் கிடந்தது என்று தெரிந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

எந்தப் பந்து என்பதைவிட, அது இரவில் எங்கே இருந்தது என்பது முக்கியம். ரப்பர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். கார் டிக்கியில் இரவெல்லாம் குளிர்ந்த பந்தைக் காலையில் பாக்கெட்டில் போட்டுப் பத்து நிமிடம் உருட்டினால் மேல்தோல்தான் சூடாகும், உள்ளே குளிர்ந்தே இருக்கும். மையம் வரை அறைச்சூட்டுக்கு வர ஒன்றிரண்டு மணி நேரமாவது வேண்டும். ஆகவே மட்டைப் பை காரில் இருந்தாலும் மறுநாள் ஆடப்போகும் ஆறு பந்துகள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். ஆடும்போது ஒரே மாடலில் இரண்டு பந்துகளை வைத்துக்கொண்டு, ஒரு குழி ஆடியதும் அதைக் கால்சட்டைப் பையில் போட்டு, அதுவரை அங்கே இருந்ததை அடுத்த குழியின் தொடக்க இடமான டீயில் வையுங்கள். இரண்டிலும் வேறு வேறு எண் இருக்கட்டும், எது ஆட்டத்தில் இருக்கிறது என்ற குழப்பம் வராது.

ஒவ்வொரு குழியையும் வேறு பந்தில் தொடங்க விதி இடம் தருகிறது. ஒரே மாடல் பந்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உள்ளூர் விதி போட்ட போட்டிகளிலும், அதே மாடலில் இன்னொன்று என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் கைச்சூட்டுப் பொட்டலத்துடன் பந்தைச் சுற்றி வைப்பது, ஹீட்டர் முன் வாட்டுவது எல்லாம் கூடாது. பந்தின் இயல்பை மாற்றுவதற்காக வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடித்தால் விதி 4.2-இன்படி தகுதி நீக்கம்தான்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பனிக்காலத்துக்கு மஞ்சள் பந்து என்பார்கள். பச்சைப் புல்லில் அது சரி. உறைபனியில் கருகிய மலைப்புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும், அதில் மஞ்சள் பந்து அப்படியே கலந்துவிடும். வெள்ளைப் பந்து பனிப்படலத்தில் மறையும். ஆரஞ்சோ அடர் இளஞ்சிவப்போ இரண்டிலும் தெரியும். தேட அனுமதி மூன்று நிமிடம்தான் என்பதை நினைவில் வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னை, கோவையிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு: குளிரில் ஒரு மட்டை கூடுதலாக, அதாவது இன்னும் தூரம் அடிக்கும் மட்டையை, எடுக்க வேண்டும் என்று படித்துவிட்டு, 7-அயர்ன் மட்டை போதும் என்னுமிடத்தில் அதைவிடத் தூரம் அடிக்கும் 6-அயர்னை எடுக்காதீர்கள். உதகை உயரத்தில் எட்டு சதவீதத்துக்குக் குறையாமல் தூரம் கூடும். 150 கெஜம் போகும் அடி 162-ஐத் தொடும். காலைக் குளிர் அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும், உங்கள் ஊரில் எடுக்கும் மட்டையே சரியாக இருக்கும். வெயில் ஏறி 20 டிகிரியை நெருங்கியதும் ஒரு மட்டை குறைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் மட்டை யோசனை மலையிலேயே ஆண்டு முழுவதும் ஆடுகிறவர்களுக்குத்தான், அதுவும் காலை முதல் சில குழிகளுக்கு மட்டும்.

கிரீன் உறைந்து கிடக்கும்போது எந்தப் பந்தும் உதவாது. தார்ச்சாலையில் விழுந்ததுபோல எகிறும். அந்த நேரத்தில் ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் கிளப்புகளின் மீது கோபப்பட வேண்டாம். உறைந்த புல்லை மிதித்தால் இலையின் செல்கள் உடைந்து, காலடி பட்ட இடமெல்லாம் கருகிப்போகும்.

பந்து வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வைத்திருக்கும் பந்தில் ஐந்து, வாங்க நினைக்கும் பந்தில் ஐந்து. ஈரம் காயாத காலையில் 20 கெஜத்திலிருந்து ஒரே வெட்ஜால் பயிற்சிக் கிரீனுக்கு மாற்றி மாற்றி அடியுங்கள், ஒவ்வொரு அடிக்கும் மட்டை முகத்தைத் துடைத்துவிட்டு. விழுந்த இடத்திலிருந்து எத்தனை அடி ஓடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு அதையே புல் காய்ந்த நண்பகலில் செய்யுங்கள். காலை ஓட்டம் எந்தப் பந்தில் குறைவோ அதுவே உங்கள் பனிக்காலப் பந்து.

கடைகளுக்கும் கிளப் விற்பனை அறைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: விலைச்சீட்டில் 'சாஃப்ட்' என்று மட்டும் எழுதாமல், உறை யூரித்தேனா அயனோமரா என்பதையும் எழுதி வையுங்கள். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இந்தப் பொருளைத் தொடும்போது மலைக்கும் சமவெளிக்கும் தனித்தனியாக எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கோல்ஃப் ஆட்டக்காரர்கள் சிலர்,
உதகமண்டலம்