சி டிரைவ் முழுவதற்கும் அனுமதி கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை என்று கேட்ட வாசகருக்கு உங்கள் கணினிப் பக்கத்தில் வந்த பதிலைப் படித்துத் திடுக்கிட்டேன். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் முழுவதையும் தன் பெயருக்கு மாற்றி, 'எவ்ரிஒன்' என்பதற்கு, அதாவது எல்லோருக்கும், 'ஃபுல் கன்ட்ரோல்' என்ற முழு அதிகாரம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அலுவலகக் கணினிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவள் நான். சொந்தக்காரர்களின் கணினிகள் இப்போதும் என் மேசைக்குத்தான் வருகின்றன. இப்படி யோசனை கேட்டுக் கெட்டவை அவற்றில் நிறைய.

விண்டோஸின் முக்கியமான ஃபைல்களுக்கு உரிமையாளர் நாம் இல்லை, 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கலைத்துவிட்டால், பிள்ளைகள் எங்கிருந்தோ இறக்கும் விளையாட்டுகூட யாரையும் கேட்காமல் உள்ளே கைவைக்கலாம். பழையபடி மாற்ற ஒரு பட்டனும் கிடையாது.

அந்த வாசகரின் சிக்கல் உண்மையில் சின்னது. விண்டோஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை, ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் உள்ள நீளமான அடையாள எண்ணால்தான் அறிகிறது. பழைய கணினியில் இருந்த அதே பெயரைப் புதிதிலும் வைத்தாலும் எண் வேறு. ஆகவே அந்த ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போனால் மேலே 'ஓனர்' இருக்கும். அங்கே 'சேஞ்ச்' அழுத்தி உங்கள் பெயரைக் கொடுங்கள், உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும் கட்டத்தில் டிக் போடுங்கள். அப்புறம் உங்கள் பெயருக்கு மட்டும் அனுமதி சேர்த்தால் போதும். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) பூட்டப்பட்டிருந்தால் இது பலிக்காது, அதைத் திறக்கும் எண்ணான ரெகவரி கீ வேண்டும்.

அதே பக்கத்தில் இன்னொருவர், வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஏன் வருகிறது என்று கேட்டிருந்தார். கணினிக்கான கட்டுப்பாடுகளை மாற்றும் 'ஜிபிஎடிட்' கருவியைத் திறக்கச் சொல்லிவிட்டீர்கள். வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் விண்டோஸ் ஹோம் பதிப்பில் அது கிடையாதே! முதலில் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், பழைய அலுவலக அல்லது கல்லூரிக் கணக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், 'வேகம் கூட்டுகிறேன்' என்று வந்த ஏதோ ஒரு புரோகிராம், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'பாலிசீஸ்' என்ற இடத்தில் எழுதிவைத்துப் போயிருக்கும். தொடும் முன் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரே முடக்கப்பட்டிருந்தால் எனக்கு முதல் சந்தேகம் வைரஸ்மேல்தான். கணினி நிஜமாகவே அலுவலகம் கொடுத்தது என்றால், சரி, அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

2007இல் விஸ்டாவோடு வந்த, 'அனுமதிக்கவா?' என்று கேட்கும் பெட்டியை அணைத்துவிடலாம் என்றும் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நமக்குத் தெரியாமல் எதுவோ நுழையும்போது குறுக்கே நிற்பது அதுதான்.

இந்தத் திருத்தங்களை அதே பக்கத்தில், அதே இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே சி டிரைவில் கைவைத்துவிட்டவர்கள் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு, 'ரீசெட் திஸ் பிசி' மூலம் விண்டோஸை மறுபடி நிறுவிவிடலாம். புரோகிராம்களைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி