சுற்றுலா இடங்களில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் மற்ற வீடுகளில் ஊருக்குப் போகும் பேச்சு எழும். ஆட்டிசம் உள்ள பிள்ளையிருக்கும் எங்கள் வீட்டிலோ பள்ளியும் தெரபியும் ஒருசேர நின்றுபோய், அன்றாட ஒழுங்கு குலைந்து, பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் தவிக்கும் காலம் அது.

என் மகனுக்கு வயது 12. புதிய இடத்துக்குப் போவதென்றால் ஒரு வாரம் முன்பே படங்களைத் திரட்டிச் சிறிய ஆல்பம் ஒன்று செய்துவிடுவேன்: ஏறும் பேருந்து, நுழைவாயில், டிக்கெட் கவுன்ட்டர், பொம்மை ரயில், கழிப்பறை, வீடு. படுக்கும் முன் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்ப்பான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதி பயம் போய்விடும். சென்ற ஆண்டு ஒரு பூங்காவுக்குப் போனபோது, ஆல்பத்தில் இருந்த வாயிலை அடைத்திருந்தார்கள். வேறு வாயிலில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்க நேர்ந்தது. காதுகளைப் பொத்திக்கொண்டு அவன் தரையில் அமர்ந்து அலறியபோது, "பிள்ளையை அடக்கி வளர்க்கக் கூடாதா?" என்றார் காவலாளி. அது அடமல்ல, இரைச்சலைத் தாங்க முடியாத தவிப்பு என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உள்ளே போகாமலே திரும்பினோம். பொம்மை ரயில் இருக்கும் பக்கத்தை அவன் இன்னமும் புரட்டிப் பார்க்கிறான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 வகைக் குறைபாடுகளுள் சேர்த்திருப்பதோடு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் அவர்கள் பிறருக்கு இணையாகப் பங்கேற்கும் உரிமையைக் காக்கும் பொறுப்பை 29ஆம் பிரிவில் அரசிடம் ஒப்படைத்திருக்கிறது. சக்கர நாற்காலியில் வருவோரும் அலையருகே செல்ல 2022இல் மெரினாவில் மரப்பாதை அமைத்தபோது மனம் நிறைந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுமானம்கூடத் தேவையில்லை. உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம், படகுத்துறை போன்ற இடங்களில் மாதம் ஒரு நாள், திறந்தவுடன் இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி, குறைந்த கூட்டத்தோடு எங்களை அனுமதித்தால் போதும். வாயில் முதல் கழிப்பறை வரை உள்ள படங்களை இணையத்தில் வெளியிட்டு, மாற்றம் நேர்ந்தால் முன்கூட்டியே அறிவிக்கலாம். அணிந்திருப்பவருக்கு வெளியே தெரியாத குறைபாடு உண்டு என்று ஊழியர்களுக்கு உணர்த்த 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் அறிமுகமான சூரியகாந்திப் பூப்போட்ட கழுத்துப்பட்டை போல ஓர் அடையாளம் இங்கும் வந்து, ஊழியர்களுக்கும் அதுபற்றிப் பயிற்சி தந்தால், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனது நிலையை வாயிலுக்கு வாயில் விளக்கும் வேதனை தீரும்.

வரும் அரையாண்டு விடுமுறைக்குள் ஓரிரு இடங்களிலாவது இதைத் தொடங்குமாறு சுற்றுலாத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
செங்கல்பட்டு.