தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பாலிகிளினிக்கில் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மெல்பர்னில் குளிர் தொடங்கியிருக்குமே, அந்தத் தடித்த கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. கொஞ்ச நாளாக நீ கூப்பிடவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பேசியபோது, "நல்லவனாக இருந்து என்னம்மா, அதிர்ஷ்டம் வேண்டும்" என்றாய். உன்னோடு படித்த பையன் காண்டோ வீடு வாங்கிவிட்டான் என்றும் சொன்னாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஃபோனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அதிர்ஷ்டமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். உன் மாமா புதன், சனி, ஞாயிறு தவறாமல் ஃபோர்-டி லாட்டரி எடுக்கிறார். 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு. அங்கே நல்லவன், கெட்டவன் கணக்கு இல்லை. வாழ்க்கையில் வருகிற அதிர்ஷ்டம் அப்படி இல்லை, தம்பி. அது வரும் நேரத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. எதைப் பெரிதாக நினைக்கிறோமோ அதுதான் நம்மைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துகிறது.

தாத்தாவையே எடுத்துக்கொள். 1972இல் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு முதல் கண்டெய்னர் கப்பல் வந்தபோது, மூட்டை தூக்கியவர்கள் இனி சோற்றுக்கு என்ன வழி என்று பயந்துபோனார்கள். தாத்தாவுக்கும் பயம்தான். ஆனால் அவருக்கு எந்த வேலையையும் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் நின்று கிரேன் ஓட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரவு வகுப்புக்குப் போய் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினார். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தின சர்க்கரையைப் பலரும் துண்டில் முடிந்துகொண்டு வருவார்கள். பாட்டி கேட்டும் தாத்தா ஒரு பிடி கொண்டுவந்ததில்லை. பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, வேலையை மேற்பார்வை பார்த்த மண்டோர் முதலில் தாத்தாவின் பெயரைச் சொன்னார். "அவனுக்கு அதிர்ஷ்டம்" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதே குணம்தான். கண்பார்வை சரியில்லை என்று அவரை எடுக்கவில்லை. கடைசிவரை அவர் மூட்டைதான் தூக்கினார். இதைச் சொல்லாமல் விட்டால் உன்னிடம் பாதியை மறைத்ததாகிவிடும். நேர்மையாக இருந்தால் நிச்சயம் உயர்வாய் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பையனுக்கு வந்தது உனக்கு வந்திருந்தால், அதை வைத்துக்கொண்டு உன்னால் நிம்மதியாகத் தூங்க முடியுமா? தொடக்கநிலை ஐந்தில் ஆசிரியர் கூட்டல் தவறி உனக்கு அதிக மதிப்பெண் போட்டதை நீயே போய்ச் சொன்னாய். முதல் பரிசு போய்விட்டது. வீட்டுக்கு வந்து பரிசு போனதற்காக அழுதாய், போய்ச் சொன்னதற்காக அழவில்லை. அன்றைக்கு அப்பா புளோக் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டது உனக்குத் தெரியாது.

ஆசைப்படாதே என்று சொல்லவில்லை. நிறைய ஆசைப்படு, பெரிய வேலைக்கு ஆசைப்படு. அடுத்தவனுடைய ஆசையை மட்டும் உன் ஆசை என்று நினைத்துக்கொள்ளாதே. யாரோடும் ஒப்பிட்டுப் பார்க்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்காவைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உன் வேலையிடத்தில் வயதானவர்களிடம் கட்டண விவரத்தை மறைத்து விற்கச் சொன்னார்களாம். முடியாது என்று வேலையை விட்டுவிட்டாயாம். இதை ஏன் எங்களிடம் மறைக்க வேண்டும்? நல்ல காரியம் செய்துவிட்டு யாராவது பெற்றவர்களிடமிருந்து ஒளிந்துகொள்வார்களா? அதுதான் எனக்குக் கோபம். மற்றபடி ஒன்றுமில்லை. இப்போது அப்பாவுக்கும் தெரியும். "என் மாமனார் மாதிரியே இருக்கிறான்" என்றார்.

வேறு வேலை கிடைக்க நாளாகலாம். அதுவரை அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. வாடகைக்குப் பணம் வேண்டுமென்றால் அக்காவிடம் கேட்காதே, அவளுக்கே இந்த வருஷம் வீட்டுக் கடன் இருக்கிறது. என்னிடம் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, அப்பாவும் இருப்பார்.

அன்புடன்,
அம்மா