தும்மல் பிரமை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், 'நடுத்தர வயதில் புதிதாகத் தும்மல் நோய் வந்துவிட்டது என்பவர்களில் பலருக்கு அது மனப் பிரமையே. முந்தைய தலைமுறைக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது' என்று ஒரு வரி கண்டேன். பத்திரிகையை ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னைப் புண்படுத்திவிட்டது.

தாங்கள் அறியாததல்ல. இந்தத் தும்மலுக்குக் காரணமான ஒவ்வாமை என்பது, எதிர்ப்புச் சக்தி குறைவதால் வருவதில்லை. தீங்கற்ற மகரந்தத்தைப் பகையென்று எண்ணி உடல் போர் தொடுப்பதால் வருகிறது. அதற்குக் காரணமான ஐஜிஇ என்ற பொருள் 1960களிலேயே கண்டறியப்பட்டது. ரத்தத்தில் அளக்கக்கூடிய ஒன்றைப் பிரமை என்று எழுத எப்படி மனம் வந்தது?

முன்பைவிட இன்று இந்நோய் மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. 1819இல் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கிலேய மருத்துவர் தம் சொந்தத் தொல்லையையே விவரித்து எழுதினார். தம்மைப் போன்றவர்களைத் தேடி, 1828இல் அவரால் விவரிக்க முடிந்தது 28 பேரைத்தான். ஜப்பானிலோ, போருக்குப் பின் மலையெங்கும் நட்ட சுகி என்ற ஊசியிலை மரங்களின் மகரந்தத்தால் அவதிப்படுவோர் 1998இல் சுமார் 16 சதவீதம். 2019இல் சுமார் 39 சதவீதம். அந்தக் கணக்கெடுப்பில் விசாரிக்கப்பட்டவர்கள் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களும் அவர்களது குடும்பத்தினரும். அவர்களுக்குமா பிரமை? ஐரோப்பாவில் பெரியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தபோதும், பிந்திப் பிறந்தவர்களிடமே ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. வட அமெரிக்காவில் 1990க்கும் 2018க்கும் இடையே மகரந்தப் பருவம் ஏறத்தாழ 20 நாட்கள் முந்திவிட்டது. மாறியிருப்பது நாம் சுவாசிக்கும் காற்று, எங்கள் மனம் அல்ல.

எனக்கு இது நாற்பதை நெருங்கும்போது வந்தது. 'சிறு வயதில் இல்லாதது இப்போது எப்படி வரும்?' என்று கேட்ட மருத்துவர், சளிக்காய்ச்சல் என்று மீண்டும் மீண்டும் ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தார். ஒவ்வாமையா என்று தோல் பரிசோதனை செய்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூக்கோடு நின்றிருக்க வேண்டியது ஆஸ்துமாவாக மாறிய பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒவ்வாமைக்கான பழைய வகை மாத்திரை தந்த மயக்கத்தில் அலுவலகத்தில் கண் சொருகினால் சோம்பேறி என்ற பெயர். கொரோனாவுக்குப் பிறகு, நான் ஒரு முறை தும்மினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடுகிறது. இத்தனையும் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் பிரித்தால், அதிலும் அதே ஏச்சு.

இதுவும் முதல் முறையல்ல. முன்பொரு முறை, ஆவி பிடித்தால் ஒவ்வாமை வேரோடு போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். ஆஸ்துமா பற்றிய கட்டுரைக்கு அருகிலேயே அறையில் தெளிக்கும் வாசனைத் திரவத்துக்குப் பெரிய விளம்பரம் வெளியிட்டீர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் ஒரு பக்கக் கட்டுரையும் கேட்டு வாங்கிப் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி