1972-ஆம் வருடத்து அசூ

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட படிப்பிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

நீ பிறந்த 1972-ஆம் வருடத்து டோக்காய் அசூ, அதுதான் இந்த ஹங்கேரி இனிப்பு ஒயின், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போன மாதம் புடாபெஸ்டிலிருந்து டோக்காய் பகுதியிலுள்ள மாட் கிராமத்துக்குப் போயிருந்தபோது அதையே குடித்துப் பார்த்தேன். கருப்பட்டிப் பாகின் நிறம். காய்ந்த ஆரஞ்சுத் தோல், வால்நட், பழைய மரம் என்று மணம் அடுக்கடுக்காக வந்தது. விழுங்கிய பிறகு நாக்கில் நின்றது இனிப்பில்லை, புளிப்பு. அந்தப் புளிப்புதான் இத்தனை வருடமும் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் போத்ரோக், திசா ஆறுகளிலிருந்து எழும் மூடுபனியில் ஒரு பூஞ்சை திராட்சையைப் பிடிக்கிறது. தோலில் நுண்துளை விழுந்து நீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் செறிந்துவிடும். அப்படிச் சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, புதுச் சாற்றிலோ இளம் ஒயினிலோ ஊறவைப்பார்கள். முன்பு 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை முதுகுக்கூடைப் பழம் போட்டார்கள் என்பதே கணக்கு. கூடைக்கு ஏறக்குறைய 25 கிலோ. பழைய பாட்டில்களில் 3 முதல் 6 வரை 'புட்டோன்யோஷ்' என்று போட்டிருப்பது அதுதான். நீ 5-க்குக் கீழே போகாதே.

1972 நல்ல வருடம். ஆனால் அது கம்யூனிஸ்ட் ஆட்சியின் அரசுப் பண்ணைக் காலம். பீப்பாயை நிறைக்காமல் வருடக்கணக்கில் காற்றுபட விட்டுவிடுவார்கள். அதனால் பழச்சுவை மங்கி, கொட்டைப் பருப்பு வாசனை தூக்கலாக இருக்கும். அதுதான் அசல் டோக்காய் என்பவர்கள் இங்கே உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 1990-க்குப் பிறகு புதிதாக வந்த ஒயின் தயாரிப்பாளர்கள் பழத்தின் உயிரை மீட்டார்கள். 1993, 1999 இரண்டையும் குடித்துப் பார், உனக்கே தெரியும். 1999-இல் ஏப்ரிகாட் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

வாங்கும்போது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒயின் கழுத்துவரை நிற்க வேண்டும்; தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பழுப்பு நிறம் குறையில்லை, கலங்கல்தான் குறை. கார்க் எப்போது மாற்றப்பட்டது, இத்தனை நாள் யாருடைய நிலவறையில் இருந்தது என்று கூச்சப்படாமல் கேள். சரியான பதில் வராத இடத்தில் காசு கொடுக்காதே.

பிறந்த வருடத்துக்காக 1972-இல் ஒன்று, குடித்து மகிழ 1999-இல் இரண்டு. இதுதான் என் யோசனை. எல்லாம் அரை லிட்டர் பாட்டில்கள், பெட்டியில் அடங்கிவிடும். லேசாகக் குளிரவைத்து நீலப் பாலாடைக்கட்டியோடு குடி. அதிக இனிப்பான பலகாரம் பக்கத்தில் இருந்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

மே மாதம் வருவது உறுதியானதும் தேதி எழுது. கடைக்காரர் தெரிந்தவர்தான், எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
முரளி