'டெர்மினேட்டட்' என்ற அந்த வட்டத்துக்குள் என்ன நடக்கிறது?

பொறியியல் கல்லூரிகளுக்கு இயங்குதளப் பாடத்தை வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள். பகலில் கல்லூரி, மாலையில் என்னிடம் சந்தேகம். அவர்களுடைய நோட்டுகளைப் புரட்டும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது. பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், எப்படிப் பிறக்கிறது என்பதற்குப் படம், அம்புக்குறி, புதிய பிராசஸைப் பிறப்பிக்கும் 'ஃபோர்க்' அழைப்பை எழுதிப் பார்க்கும் ஆய்வகப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. எப்படிச் சாகிறது என்பதற்கு 'டெர்மினேட்டட்' என்று எழுதிய ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது.

போன மாதம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இந்த பிராசஸைக் கொன்றுவிட்டேன். ஆனால் ஸாம்பி என்று காட்டுகிறது. நினைவகத்தை இன்னும் பிடித்து வைத்திருக்கிறதா?" பிடித்து வைத்திருக்கும் என்றுதான் தேர்வில் எழுதியிருக்கிறாள், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். லினக்ஸ் இயங்குதளத்தில், பிராசஸ்களின் விவரங்களைக் காட்டும் புராக் அடைவுக்குள் அந்த பிராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறக்கச் சொன்னேன். நிலை என்ற இடத்தில் 'இசட்', அதாவது ஸாம்பி: செத்தும் பட்டியலை விட்டு நீங்காதது. 'விஎம்' என்று தொடங்கும் நினைவகக் கணக்கு வரிகள் ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை மேலும் கீழும் தேடிவிட்டு, "வரியே இல்லையே சார்" என்றாள். இருக்காது. சாகும் பிராசஸ் முதலில் தன் நினைவகத்தை விடுகிறது, பிறகு திறந்த கோப்புகளை விடுகிறது, அதற்கும் பிறகுதான் அதைப் பிறப்பித்த பெற்றோர் பிராசஸுக்குச் சேதி போகிறது. பெற்றோர் 'வெயிட்' அழைத்துக் கணக்கை முடிக்கும்வரை நிற்பது ஓர் எண்ணும் ஒரு சிறு பதிவும்தான். நம் வழக்கத்தில் பெற்றோருக்குப் பிள்ளை காரியம் செய்யும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் பிள்ளைக்குப் பெற்றோர் செய்ய வேண்டும். பெற்றோரும் போய்விட்டால் பெரும்பாலும் ஒன்றாம் எண் பிராசஸ் அந்தக் கடமையை ஏற்கிறது.

இது எளிய பகுதி. ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடும்படி காக்கும் பூட்டுகள் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், ஏழு குடித்தனத்துக்கு ஒரே குளியலறை இருந்த வீட்டில். ஒருநாள் விடியற்காலையில் மூன்றாம் குடித்தனத்துத் தாத்தா உள்ளே மயங்கி விழுந்துவிட்டார். தாழ்ப்பாள் உள்பக்கம். வெளியே வாளியோடு ஐந்து பேர், யாராலும் திறக்க முடியவில்லை. கடைசியில் கதவை உடைத்தார்கள். மறுநாளே தச்சர் வந்து, தகரத் துண்டை நுழைத்து வெளியிலிருந்தும் நெம்பக்கூடிய தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினார்.

லினக்ஸ் அந்தத் தச்சர் வேலையை 2006-இல் செய்துகொண்டது. பெயர் 'ரொபஸ்ட் ஃப்யூட்டெக்ஸ்'. ஒவ்வோர் இழையும் (பிராசஸுக்குள் தனித்து ஓடும் ஒரு வேலைத்தொடர்) தான் பிடித்திருக்கும் இவ்வகைப் பூட்டுகளின் பட்டியலைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும். இழை செத்தால் கெர்னல் அந்தப் பட்டியலை நடந்துபோய், ஒவ்வொரு பூட்டிலும் 'உரிமையாளர் இறந்தார்' என்று குறித்து, காத்திருக்கும் ஒருவரை எழுப்பிவிடும். எழுந்தவருக்குப் பூட்டு கிடைக்கும், கூடவே 'ஈஓனர்டெட்' என்ற எச்சரிக்கையும் வரும். கதவு திறந்துவிட்டது, ஆனால் உள்ளே வாளி கவிழ்ந்திருக்கலாம், குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று பொருள். ஒழுங்குபடுத்திவிட்டேன் என்று அறிவிக்காமல் பூட்டை விட்டால் அதற்குப் பிறகு அந்தப் பூட்டு யாருக்கும் பயன்படாது.

பட்டியல் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்: சாகிறவரின் சொந்த நினைவகத்தில். ஆகவே அதைப் படித்து முடித்த பிறகுதான் நினைவகத்தை விட வேண்டும். கெர்னலும் அந்த வரிசையில்தான் செய்கிறது. ஆனாலும் பல ஆண்டுகளாக ஒரு பிழை ஒளிந்திருந்தது.

நினைவகம் தீர்ந்துபோனால் ஓ.ஓ.எம். ('அவுட் ஆஃப் மெமரி') கில்லர் என்ற கெர்னல் பகுதி ஒரு பிராசஸைத் தேர்ந்து கொல்லும். கொல்வது என்றால் சாகச் சொல்வதுதான். சாகும் வேலையை அந்த பிராசஸேதான் ஓடிச் செய்தாக வேண்டும். அது ஏதோ ஒரு பூட்டுக்காக உறங்கிக்கொண்டிருக்கிறது, பூட்டை வைத்திருப்பவரோ நினைவகத்துக்காகக் காத்திருக்கிறார் என்றால்? ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லோரும் உறைந்துபோகும் 'டெட்லாக்' நிலைக்குக் காஃப்மன் முதலியோர் 1971-இல் எழுதிய நான்கு நிபந்தனைகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நான்காவதான வட்டக் காத்திருப்பு உயிரோடு நிற்பது இங்கேதான், ஆனால் பாடத்தில் இந்த இடம் இல்லை. இதை உடைக்க 2016-இல், 4.6 பதிப்பில், ஓ.ஓ.எம். ரீப்பர் வந்தது. அது கெர்னலுக்குள் ஓடும் தனி இழை. பலியானவருக்காகக் காத்திராமல் அவருடைய தனி நினைவகப் பக்கங்களைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அதற்கும் அந்த பிராசஸின் நினைவக அமைப்பைக் காக்கும் 'எம்மேப் லாக்' என்ற பூட்டு வேண்டும். ஆனால் அந்தப் பூட்டுக்காக அது படுத்துக் காத்திருக்காது. முயன்று பார்க்கும், கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி வரும், பத்து முறை பார்த்துவிட்டு அடுத்த பலிக்கு வழிவிடும். இப்போதைய கெர்னல்களில் சாகும் பிராசஸும் பக்கங்களை விடும்போது அந்தப் பூட்டை வாசிப்புக்கும், எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பக்க அட்டவணைகளைக் கழற்றும்போது எழுத்துக்குமாகப் பிடிக்கிறது. ரீப்பர் நடந்துகொண்டிருக்கும்போது தரையைப் பெயர்த்துவிடக் கூடாதல்லவா?

இனிப் பிழைக்கு வருகிறேன். ரீப்பர் பிடுங்கும் தனிப் பக்கங்களில்தான் அந்தப் பூட்டுப் பட்டியலின் தலைப்பும் இருக்கிறது. சாகிற இழை பட்டியலைப் படிப்பதற்கு முன்பே ரீப்பர் வந்து துடைத்துவிட்டால், எந்தெந்தப் பூட்டு அவரிடம் இருந்தது என்று சொல்ல யாருமில்லை. பகிர்ந்த பூட்டுக்காக வேறு பிராசஸில் காத்திருந்தவர் காத்துக்கொண்டே இருப்பார். 2022-இல் செய்த திருத்தத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: ரீப்பர் இரண்டு விநாடி கழித்து வேலையைத் தொடங்கட்டும் என்றார்கள். முழு உத்தரவாதம் அதிலும் இல்லை, அவகாசம் மட்டுமே. என் மாணவர்களில் பாதிப் பேர் இதை 'ஒப்பேற்றல்' என்றார்கள். மீதிப் பேர் அதைவிட நல்ல வழி யோசிக்கிறோம் என்று கிளம்பி இன்னும் திரும்பவில்லை.

இப்போது உங்கள் ஆய்வகப் பட்டியலைப் பார்க்கிறேன். டெட்லாக் வராமல் வளங்களைப் பங்கிடும் பேங்கர் வழிமுறையைச் சி மொழியில் எழுது. ஐந்து பிராசஸ், மூன்று வளம், எல்லாம் வெறும் அணிகள். அதில் ஒரு பிராசஸும் பிறப்பதில்லை, சாவதுமில்லை. லினக்ஸ் கெர்னல் தன் பூட்டுகளுக்கு அந்த வழிமுறையைப் பயன்படுத்துவதும் இல்லை; பூட்டுகளை எந்த வரிசையில் பிடிப்பது என்ற ஒழுங்கை வைத்துத்தான் சமாளிக்கிறது. அதை வகுத்த டெய்க்ஸ்ட்ராவின் கருத்தைக் குறைத்துப் பேசவில்லை. கரும்பலகையில் ஒரு மணி நேரம் போதும் என்கிறேன்.

அந்த ஆய்வக நேரத்தில் இரண்டு பயிற்சிகளுக்கு இடம் கொடுங்கள். முதலாவது, அந்த மாணவி செய்தது: ஸாம்பியை உண்டாக்கி அதன் ஸ்டேட்டஸ் கோப்பைப் படிப்பது. இரண்டாவது, பகிர்ந்த நினைவகத்தில் ஒரு மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) வைத்து, பிள்ளை பிராசஸ் அதைப் பிடித்திருக்கும்போதே கொல்வது. சாதாரண மியூட்டெக்ஸ் என்றால் பெற்றோர் அப்படியே உறைந்து நிற்கும். ரொபஸ்ட் என்று ஒரு பண்பை மாற்றினால் எச்சரிக்கையோடு பூட்டு கைக்கு வரும். நன்கொடையாக வந்த 4 ஜிபி கணினிகளில் இரண்டையும் ஒரே மாலையில் முடித்துவிட்டோம். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது கூப்பிட்டால், அந்த மாணவியையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். செய்து காட்ட அவளுக்கு இருபது நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ராயபுரத்து மாலை வகுப்பு ஆசிரியர்