டிட்டிசே கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைமார் அனைவருக்கும்,

வணக்கம். ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்வால்ட் (கருங்காடு) மலைப்பகுதியில், டிட்டிசே ஏரியூரில் இருக்கும் நம் வாடகைக் கடையிலிருந்து வழமையாக இந்த நேரத்தில் உங்களுக்கு வருவது கோடைகாலச் சைக்கிள் வாடகைப் பட்டியல். இந்தமுறை அதற்கு முன் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. காரணம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். பெப்ரவரியில் எங்களோடு பனிநடைக்கு, அதாவது பனிச் சப்பாத்துக் கட்டிப் பனிமேல் நடக்க, வந்துபோன ஒரு குடும்பத்தின் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் ஷ்டுட்கார்ட், பாசல், ஸ்ட்ராஸ்பூர்க் எல்லாம் சுற்றி, கடைசியில் என் மச்சான் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. "பனிநடை என்று கூப்பிட்டு ஏரியைச் சுற்ற வைத்தார்கள். காட்டைக் காட்டிக் காசு பிடுங்குகிறார்கள்." அதன் சாரம் இவ்வளவுதான்.

விலை கூட என்று மட்டும் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். காட்டைக் காட்டிக் காசு என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜெர்மனியில் காட்டுக்குள் நடந்து திரிய யாரும் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. தனியார் காடாக இருந்தாலும் ஓய்வுக்காக உள்ளே போகலாம் என்று வனச்சட்டமே சொல்கிறது. நம்ம ஊர்ப்பக்கம் மரங்களில் சிவப்புச் சாய்சதுரக் குறி பார்த்திருப்பீர்கள். ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து பாசல் வரை 285 கிலோமீட்டர் போகும் வெஸ்ட்வேக் பாதையின் அடையாளம் அது. 1900-இல் போட்ட பாதை. 1864-இல் தொடங்கிய ஷ்வார்ட்ஸ்வால்ட் நடைச் சங்கத்தின் தொண்டர்கள் இன்றைக்கும் அதைப் பராமரிக்கிறார்கள். அந்தப் பலகைகளில் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை, அவற்றைக் காட்டி ஒரு சதமும் கேட்டதில்லை. நான் வாங்குவது சப்பாத்துக்கும், ஊன்றுகோலுக்கும், கூட வருகிற ஆளின் நேரத்துக்கும்.

சரி, அந்த நாளுக்கு வருவோம். டிட்டிசே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 845 மீட்டர். பனிநடைக்குப் போகும் ஃபெல்ட்பெர்க் மலையின் உச்சி 1493. நூறு மீட்டர் ஏறினால் அரைப் பாகைக்கு மேல் குளிர் கூடும் என்பது பொதுக்கணக்கு. அதனால்தான் கடை வாசலில் மழை கொட்டும்போதும் மேலே பனி விழுந்துகொண்டிருக்கும் என்று தைரியமாகச் சொல்கிறோம், அநேகமான நாட்களில் அது சரியாகவும் வரும். அன்று மேற்கிலிருந்து சூடான காற்று. உச்சி வரைக்கும் மழை. மேலே கிடந்த பனி கஞ்சிப் பதத்தில் இருந்தது. பனிச் சப்பாத்தின் அடியில் இரும்புப் பற்கள் இருக்கிறதல்லவா, அவை பனியைக் கவ்வத்தான். ஈரக்கல்லில் வைத்தால் கிறீச்சென்று வழுக்கும், பல் மழுங்கும், குதிகால் பிசகும். அந்தக் குடும்பத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்றும் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். வந்தவர்களை வெறுமனே திருப்பி அனுப்பாமல் நல்ல நடைச் சப்பாத்துக் கொடுத்து ஏரியைச் சுற்றிக் கூட்டிப் போனோம். சப்பாத்து வாடகையில் வித்தியாசத்தையும் அன்றே திருப்பிக் கொடுத்தேன். குரல்பதிவில் அது இல்லை.

இன்னொரு முறைப்பாடு: பாதையை விட்டு இறங்க விடுவதில்லையாம். உண்மைதான், விடமாட்டேன். ஃபெல்ட்பெர்க் 1937-இலிருந்து பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. அங்கே ஆவர்ஹூன் என்ற காட்டுக்கோழி இருக்கிறது, வான்கோழி அளவு. குளிர்காலம் முழுக்க ஊசியிலையைத் தின்றுதான் உயிர் வாழும். அதில் என்ன சத்து இருக்கப் போகிறது? நாம் செல்ஃபிக்காகப் புதருக்குள் புகுந்து இரண்டு முறை அதைப் பறக்க வைத்தால், சேர்த்து வைத்த சக்தி அதிலேயே போய்விடும். கோழிக்காக எங்களை விரட்டுகிறார் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

சைக்கிளுக்கும் இதே கதை. நம்ம பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் விடக்கூடாது. சட்டம் போட்டது நான் இல்லை. அகலமான வனச்சாலைகளிலேயே ஹின்டர்சார்டனுக்கும் ஷ்லுக்சேக்கும் வடிவாகப் போய்வரலாம், வரைபடம் கடையில் இருக்கிறது.

வருகிற மாதங்களுக்குச் சில விடயங்கள். வூட்டாக் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் முதல்நாள் என்னிடம் கேளுங்கள். மழைக்குப் பிறகு மண் சரிந்தோ மரம் விழுந்தோ சில பகுதிகளை மூடிவிடுவார்கள். ரப்பர் செருப்போடு வந்தால் கூட்டிப் போகமாட்டோம், இப்போதே சொல்லிவிட்டேன். நீந்த டிட்டிசே போதும். ஃபெல்ட்சே அழகான ஏரிதான், ஆனால் அதில் குளிக்கத் தடை. அடுப்பு மூட்டிக் கோழி சுடுவதென்றால் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். காய்ந்த கோடையில் அங்கேயும் கூடாது என்பார்கள். சிகரெட்காரர்களே, மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஒக்டோபர் முடியும்வரை காட்டுக்குள் புகைக்கக் கூடாது. பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போனதும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமயிர் ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாநிலம் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் பரவும் பகுதி, தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கதையுங்கள்.

இரவு தங்குகிறவர்கள் விடுதியில் கோனுஸ் அட்டையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். தங்குகிறவர்களிடம் வாங்கும் ஊர் வரியோடு சேர்த்து வருவது அது, தனிக்காசு இல்லை. அதைக் காட்டினால் பஸ்ஸும் பிராந்திய ரயிலும் இலவசம். 967 மீட்டரில் இருக்கும் பேரன்டால் நிலையம் வரை ரயிலில் ஏறி, அங்கிருந்து ஃபெல்ட்பெர்க்குக்குப் பஸ் பிடித்தால் வாகனம் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் வர வேண்டிய காலம் இலையுதிர் காலம்தான், ஆனால் யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் பனி வேண்டும். நவம்பரில் கீழே ஃப்ரைபூர்க் நகரம் மூடுபனிக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது மேலே வெயில் அடிக்கும். குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி நிற்க, அதற்கு மேலே சூடு. காற்று தெளிவாக இருந்தால் ஃபெல்ட்பெர்க்கிலிருந்து அல்ப்ஸ் மலைகள் வரிசையாகத் தெரியும், மொன் பிளாங்க் வரைக்கும். காளான் பொறுக்குகிறவர்கள் வீட்டுத்தேவைக்கு மட்டும் எடுங்கள், ஆளுக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒன்றுகூடத் தொடக்கூடாது.

அப்புறம், சைக்கிள் திருத்துவதும் பனிச்சறுக்குக் கட்டைக்கு மெழுகு தேய்ப்பதுமாக நம்மோடு இருந்த தம்பி எல்லை தாண்டி சுவிஸுக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே கிடைக்கும் சம்பளத்தை என்னால் கொடுக்க முடியாது, அவர்மேல் குறையும் இல்லை. இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 13.90, 2027-இல் 14.60. கொடுக்க வேண்டியதுதான், நானும் ஒருகாலம் அந்தச் சம்பளத்தில் சமையலறையில் நின்றவன். புது ஆள் கிடைக்கும்வரை செவ்வாயும் புதனும் கடை பூட்டியிருக்கும், வாடகை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று யூரோ கூடும், முன்பணம் திரும்பாது, வேறு நாளுக்கு மாற்றித் தருவோம்.

குரல்பதிவைக் கேட்டுவிட்டு, "அண்ணை, நாங்கள் ஈஸ்டருக்கு வாறம்" என்று உடனே பதிவு செய்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு பெட்டி ரோல்ஸோடு வந்து, கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கும் பங்கு வைக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் அக்கா, மழையில் நனைந்தும் சிரித்துக்கொண்டே திரும்பிய பாசல் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள், சப்பாத்தைச் சேறில்லாமல் கழுவித் தரும் அந்த ஒரேயொரு மாமா, உங்களால்தான் கடை ஓடுகிறது. அந்தக் குடும்பமும் திரும்ப வரட்டும். நல்ல பனி விழுந்த நாளாகப் பார்த்து நானே கூட வருகிறேன்.

ஈஸ்டருக்கு வருகிறவர்கள் சப்பாத்து அளவை ஐரோப்பிய எண்ணில் அனுப்புங்கள். பிள்ளைகளுக்குப் போன வருட அளவை எழுதாதீர்கள், அளந்து பார்த்து எழுதுங்கள். தடித்த காலுறை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், கடையில் வாடகைக்குக் கிடையாது.

அன்புடன்,
டிட்டிசே கடைக்காரர்